நீர் வந்த வழி

நுழையும்முன்

மழை பெய்த மறுநாள் காலையில் சரக்குந்தின் ஓட்டுநர் அறையைத் திறந்தால் கால்வைக்கும் இடம் நனைந்து கிடக்கிறது. கதவும் கண்ணாடியும் மூடியே இருந்தன. நீர் எவ்வழியே வந்தது? இக்கேள்விக்கு விடை காண இயற்பியலறிவும் பொறுமையும் தேவை. சொற்களைப் பிரித்தறிந்து ஆளும் பழக்கமும் தேவை. பட்டறைகளில் நாள்தோறும் நிகழும் இவ்வாய்வின் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தமிழகத்தின் சந்தைகளை ஊர்களோடு இணைப்பவை சிறு சரக்குந்துகள். ஒட்டன்சத்திரத்தில் இரவில் ஏற்றப்படும் காய்கறியும் தோவாளையில் கட்டி அனுப்பப்படும் பூவும் விடிவதற்குள் கடைத்தெருவை அடைவது இவற்றால்தான். 'பிக்கப்' என்றும் 'லோடு வண்டி' என்றும் மக்கள் இவற்றை வழங்குவர். 2005ஆம் ஆண்டில் அறிமுகமான ஒரு சிறுவகை வண்டிக்கு அதன் நிறுவனம் இட்ட பெயரை மறக்கச் செய்து, 'குட்டியானை' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இவ்வண்டிகளுள் பலவற்றிற்கு ஓட்டுநரே உரிமையாளர். மாதத் தவணை கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டுபவர். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்க்கு வருவாயற்ற நாள்.

அத்தகைய வண்டியினுள் நீர் புகுவதைச் சிறு தொல்லையெனக் கருதிவிடலாகாது. ஓட்டுநர் அறையின் தரை மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது. அதன்மேல் இரைச்சலைத் தணிக்கும் பஞ்சு போன்ற விரிப்பும், அதற்கும் மேலே ரப்பர் மேட்டும் இருக்கும். மேட்டைத் துடைத்துவிட்டால் தரை உலர்ந்துவிட்டதாகத் தோன்றும். அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் இரும்பு துருவேறும். ஓட்டுநர் காலடியில் ஓட்டை விழுந்த பின்னரே பலர்க்கு உண்மை தெரியவருகிறது. கால்வைப்பிடத்தின் ஓரமாகவும் இருக்கையின் அடியிலும் செல்லும் மின்கம்பி இணைப்புகள் நீர் பட்டுப் பச்சை பூக்கும். விளக்கு எரிவதும் அணைவதுமாகத் தடுமாறும். எல்லாவற்றினும் தீங்கானது ஒன்றுண்டு. மூடிய அறைக்குள் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும்போது, எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் சாலையே தெரியாமற் போகும். இரவு இரண்டு மணிக்குச் சுமையோடு செல்பவர்க்கு அது உயிரோடு தொடர்புடைய செய்தி.

சொல்லில் தொடங்கும் ஆய்வு

"வண்டிக்குள் தண்ணீர் வருகிறது" என்று ஒருவர் சொன்னால் அதனால் பழுதுநீக்குநர்க்குப் பயன் மிகக் குறைவு. எப்படி வருகிறது என்று சொல்லும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. இதற்கெனத் தமிழ் வைத்திருக்கும் வினைச்சொற்கள் வியப்பளிப்பவை.

கூரையின் ஒரு முனையிலிருந்து துளி துளியாக விழுவது சொட்டுதல். அறுபடாத மெல்லிய தாரையாக இறங்குவது ஒழுகுதல். கண்ணுக்குப் புலப்படாத இணைப்பின் ஊடே வெளிப்பட்டுப் பரப்பில் ஈரமாகப் படர்வது கசிதல். வாய்க்காலின் நீர் வரப்பினைக் கடந்து பக்கத்துப் பாத்தியை நனைப்பதுபோல், ஒரு பொருளின் உள்ளூடாகப் பரவி அடுத்த இடத்தை அடைவது பொசிதல். அடியிலிருந்து பெருகுவது ஊறுதல்; கலம் நிறைந்து வெளியேறுவது வழிதல்; வேகத்தால் சிதறி விழுவது தெறித்தல். குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதை வியர்த்தல் என்கிறோம்.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சுட்டுகின்றன. சொட்டினால் மேலே ஒரு துளையைத் தேட வேண்டும். ஓர் ஓரமாகக் கசிந்திருந்தால் தகடுகளின் பொருத்தினை ஐயுற வேண்டும். மேட்டினை மிதிக்கும்போதெல்லாம் நீர் ஊறினால், அது இன்று வந்த நீராக இராது. பஞ்சில் தங்கிய பழைய நீர். தொட்டியொன்று நிறைந்து வழிந்ததுபோல் ஒரே நேரத்தில் மிகுதியாக வந்திருந்தால், எங்கோ ஒரு வடிகால் அடைபட்டிருக்கிறது. குட்டையைக் கடந்தபோது மட்டும் நனைந்தால், சக்கரத்திலிருந்து தெறித்த நீர் தரையிலுள்ள துளையின் வழியே ஏறியிருக்கிறது. வண்டியைக் கொண்டுவருபவர் தாம் கண்டதைச் சரியான வினைச்சொல்லால் சொல்லிவிட்டால் ஆய்வில் பாதி முடிந்துவிடும். மூத்த பழுதுநீக்குநர் பலர் கருவிப்பெட்டியைத் திறப்பதற்குமுன் நெடுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

மழைநீர்தானா?

வண்டிக்குள் காணப்படும் ஈரமெல்லாம் மழைநீர் என்று கொள்வதே முதற்பிழை. மழையின்றியும் வண்டி நனையும்.

வெயில் கொளுத்தும் நாளில், ஏசியை இயக்கி நெடுந்தொலைவு சென்றபின் இடப்புறக் கால்வைப்பிடம் நனைந்திருந்தால், நீர் வெளியிலுள்ள காற்றிலிருந்தே வந்தது. 35 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 9 கிராமைத்தான் தாங்கும். எஞ்சியது நீராக வெளிப்பட்டே ஆக வேண்டும். டேஷ்போர்டின் அடியில், பட்டறைகளில் 'கூலிங் காயில்' எனப்படும் குளிர்ந்த குழாய்த்தொகுதியின்மீது காற்று செல்லும்போது நிகழ்வது இதுதான். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது மிகுதி. அந்நீர் ஒரு தட்டில் சேர்ந்து, சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு வெளியே வடிய வேண்டும். தூசியோ சருகோ அக்குழாயை அடைத்துவிட்டால் தட்டு நிறைந்து அறைக்குள் வழிகிறது. ஏசி ஓடும் வண்டியின் அடியில் தரையில் நீர் சொட்டிக்கொண்டிருப்பது நலத்தின் அறிகுறி. அது நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். சில வண்டிகளில் அறையை வெப்பப்படுத்துவதற்காக எஞ்சினின் சூடான கூலண்ட் டேஷ்போர்டின் அடியிலுள்ள ஒரு சிறு குழாய்த்தொகுதிக்கு வந்து செல்லும். அது கசிந்தால் தரையில் காணப்படும் ஈரம் பிசுபிசுக்கும். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறம் தெரியும். இனிப்பு கலந்த மணம் வீசும். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்கும். ரேடியேட்டருக்கு இணைந்த கலத்தில் அளவு குறைந்துகொண்டே வரும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. எனவே, நாவால் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கு உதவாது, உயிருக்கே தீங்கு.

கிளட்ச் மிதியின் தண்டு வழியாக அதன் எண்ணெய் சொட்டுவதும் உண்டு. அது வழுவழுப்பாக இருக்கும், வண்ணப்பூச்சை அரிக்கும். முன்கண்ணாடியைக் கழுவும் நீர்க்குழாய் அறுந்து கசிவதும் அரிதாக நிகழும்.

இவற்றைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைத் தாளொன்றை ஈரத்தின்மேல் ஒற்றியெடுத்து நிறம், மணம், பிசுபிசுப்பு ஆகிய மூன்றையும் நோக்கினால் போதும். தாளில் நிறமோ மணமோ இன்றித் தெளிந்த நீர் மட்டும் இருந்து, அது மழை நாளிலோ வண்டி கழுவிய நாளிலோ மட்டும் தோன்றுமானால், அதன் பின்னரே மழைநீர் வரும் வழியைத் தேட வேண்டும்.

நீர் நடக்கும் முறை

ஓட்டு வீட்டில் வாழ்ந்தோர் இதை அறிவர். பாத்திரம் வைத்த இடத்திற்கு நேர்மேலே உள்ள ஓட்டை மாற்றினால் ஒழுக்கு நிற்பதில்லை. ஓடு உடைந்த இடம் ஒன்று. மரச்சட்டத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே நீர் சரிந்து வந்து, ஆணியோ முடிச்சோ தடுக்கும் இடத்தில் சொட்டுகிறது. சொட்டும் இடமும் புகும் இடமும் சில அடி தள்ளியிருக்கும். வண்டியிலும் இதே நிலைதான். வண்டியின் உட்சுவர் வளைவும் மடிப்பும் உடையது. அதன்மேல் துணியும் நெகிழித் தகடும் போர்த்தியிருப்பதால் நீர் நடந்த தடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீர் கீழ்நோக்கியே செல்லும் என்பதும் முழு உண்மையன்று. நன்கு நனையும் இரு பரப்புகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நுண்புழை ஏற்றத்தால் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. உயரம் மேலே ஏறும். இடைவெளி குறையக் குறைய ஏறும் உயரம் கூடும். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பற்றவைக்கப்பட்ட தகடுகளுக்கிடையே உள்ள பூச்சு வெடித்துவிட்டால், இத்தகைய இடைவெளிகளே தோன்றுகின்றன.

காற்றும் நீரைத் தள்ளுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் முகப்பில் எதிர்க்காற்று மோதித் தேங்கும் இடத்தில் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 300 பாஸ்கல். இஃது 3 செ.மீ. நீர்த்தம்பத்தைத் தாங்கும் அளவினது. வேகம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறையும். நின்ற வண்டியில் ஒரு துளியும் புகாத விரிசல், நெடுஞ்சாலையில் தாராளமாக நீரை உள்ளே விடுவதன் காரணம் இதுதான். ஆகவே, "நிற்கும்போது நனைகிறதா, ஓடும்போது நனைகிறதா?" என்னும் கேள்விக்கு முதன்மை மிகுதி.

அளவையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓட்டுநர் அறையின் கூரை 2 சதுர மீட்டர் என்று கொண்டால், 50 மி.மீ. மழை பெய்யும் இரவில் அதன்மேல் விழும் நீர் 100 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு வழிதவறினாலும் ஒரு லிட்டர் நீர் உள்ளே வந்துவிடும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அம்மூன்று மாதங்களில் ஒரு சிறு துளை எத்தனை இரவுகள் வேலை செய்யும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கெங்கே வழி உண்டு?

சரக்குந்தின் ஓட்டுநர் அறை, காரின் உடலைப் போன்றதன்று. நீண்ட இரும்புச் சட்டகத்தின்மேல் ஓட்டுநர் அறை தனியாகவும் சரக்குத் தொட்டி தனியாகவும் அமர்ந்திருக்கும். சுமையோடு மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது சட்டகம் சற்றே முறுகும். அளவுக்கு மீறிய சுமையேற்றினால் முறுக்கம் மிகும். அதன் விளைவை ஏற்பவை அறையின் பின்சுவர் மூலைகளும் அங்குள்ள பொருத்துப் பூச்சும். முன்கண்ணாடியை மட்டுமே ஐயுறுவோர் மறந்துவிடும் இடம் இந்தப் பின்சுவர்.

கதவைப் பற்றி ஒரு செய்தி பலரும் அறியாதது. கதவின் உள்ளே நீர் செல்வது இயல்பே. கண்ணாடி ஏறி இறங்கும் பிளவின் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கவே செய்யும். கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அந்நீர் அறைக்குள் வராமல் காப்பது, கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு மெல்லிய நெகிழித்தாள். ஒலிபெருக்கி பொருத்துவதற்கோ கண்ணாடியைப் பழுதுபார்ப்பதற்கோ உட்பலகையைக் கழற்றுவோர் அத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டால், அடுத்த மழையில் கதவின் உட்புறமாக நீர் வழிந்து தரையை நனைக்கும். அப்போது 'டோர் பீடிங்' எனப்படும் ரப்பர் விளிம்பை எத்தனை முறை மாற்றினாலும் பயன் விளையாது.

வைப்பருக்குக் கீழே, முன்கண்ணாடியின் அடியில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் நீரெல்லாம் அங்கே சேர்ந்து இரு பக்கமும் வடியும். அறைக்குள் புதுக்காற்று செல்லும் வாயிலும் பெரும்பாலும் அப்பள்ளத்தில்தான் அமைந்திருக்கும். வேப்பமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிறுத்தப்படும் வண்டிகளில் சிற்றிலைகள் மக்கி வடிகாலை அடைத்துக்கொள்ளும். நீர்மட்டம் உயர்ந்து காற்றுவாயில் வரை வந்துவிட்டால், கலம் வழிவதுபோல் அறைக்குள் கொட்டும். மரநிழல் வண்டிக்கு நல்லதென்பது உண்மை. நிழலின் விலை இந்தச் சருகு.

பின்னர்ச் செய்த ஒட்டுவேலைகளே துளைகளுள் மிகப் பல என்பது பட்டறை நெடுங்காலமாக அறிந்த உண்மை. கூடுதல் விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் கம்பி இழுப்பதற்காக, எஞ்சினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் துளையிடுவர். ரப்பர் வளையம் இடமாட்டார். கம்பியைப் பற்றிக்கொண்டே நீர் உள்ளே நடந்து வரும். துளைக்கு வெளியே கம்பியைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டிருந்தால், அவ்வளைவின் அடியில் நீர் சொட்டி விழுந்திருக்கும். கூரைமேல் கேரியர் பொருத்தும் திருகு, வானொலிக் கம்பத்தின் துளை, தரைத்தகட்டில் கழன்று விழுந்த ரப்பர் அடைப்பான், வெயிலில் இறுகிப்போன பின்கண்ணாடி ரப்பர் ஆகியனவும் இவ்வரிசையில் அடங்கும்.

ஒன்றை மட்டும் மாற்றுதல்

ஆய்வுக்கு முதலில் வேண்டுவது உலர்ந்த வண்டி. மேட்டையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, கூடுமானால் இருக்கையையும் கழற்றி, தரைத்தகட்டைத் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்தபின் உடனே நீரூற்றத் தொடங்கிவிடலாகாது. தகட்டை உற்று நோக்கினால் பழைய நீர் நடந்த தடம் துருக்கோடாகவும் மண்கோடாகவும் தெரியும். ஆற்றுமணலில் வரிகளைக் கண்டு வெள்ளத்தின் போக்கை அறிவதுபோல், அக்கோடு எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்கிறது என்பதை அறியலாம். பிறகு ஐயத்திற்குரிய இடங்களில் முகப்பவுடரைத் தூவலாம், செய்தித்தாளையும் விரிக்கலாம். ஒரு துளி பட்டாலும் தடம் பதிந்துவிடும்.

அடுத்தது நீர்ச்சோதனை. ஒருவர் உள்ளே கைவிளக்குடன் அமர வேண்டும். மற்றொருவர் வெளியே ஹோஸ் பிடித்து, மழைபோல் மெல்லிய அளவில் நீரை வழியவிட வேண்டும். வண்டி கழுவும் அழுத்தக் கருவியை இதற்குப் பயன்படுத்துதல் தவறு. மழை ஒருபோதும் புகாத இடத்திலும் அது நீரைச் செலுத்திவிடும். சோதனையை அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பின் கண்ணாடி விளிம்பு, இறுதியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமேனும் பொறுத்திருத்தல் நலம். நீர் உள்ளே நடந்து வர அதற்குக் காலம் வேண்டுமல்லவா? கூரையில் தொடங்கினால் நீர் வழிந்து கீழேயுள்ள எல்லா இடங்களையும் நனைத்துவிடும். உள்ளே துளி விழுந்தாலும் அது எவ்விடத்தின் வழியாக வந்தது என்று சொல்ல இயலாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் என்னும் ஆய்வக விதிதான் இங்கும் ஆள்கிறது.

நீரின்றிச் செய்யும் சோதனைகளும் உண்டு. கதவின் விளிம்பில் ஒரு தாள்துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று பொருள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் காற்றாடியை முழுவேகத்தில் இயக்கி, வெளியே பொருத்துகளில் சோப்புநீரைத் தடவலாம்; காற்று வெளியேறும் விரிசலில் குமிழி எழும். மிதிவண்டிக் குழாயில் துளை தேடும் அதே முறைதான்.

ஓர் எடுத்துக்காட்டு

காய்கறி ஏற்றும் வண்டி ஒன்றைக் கொள்வோம். இடப்புறக் கால்வைப்பிடம் நனைகிறது. முதலில் சென்ற பட்டறையில் முன்கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கோன் பூசுகின்றனர். அடுத்த மழையில் மீண்டும் நனைகிறது. இரண்டாம் பட்டறையில் டோர் பீடிங்கை மாற்றுகின்றனர், பயனில்லை. இரு நாள் வருவாயும் பழுதுக்கூலியும் சென்றபின் மூன்றாமவரிடம் வண்டி வருகிறது. அவர் கேள்விகளில் தொடங்குகிறார்.

வண்டியில் ஏசி இல்லை. கூலண்ட் குறையவில்லை. ஒற்றியெடுத்த தாளில் தெளிந்த நீர். மழையில் ஓட்டி வந்த இரவுகளில் கால்வைப்பிடம் நனையவில்லை. வீட்டுவாசலில் நிறுத்தியிருந்த இரவுகளில் மட்டுமே நனைந்தது. ஆகவே, சக்கரம் தெறிக்கும் நீரும் எதிர்க்காற்று தள்ளும் நீரும் காரணமாக இருத்தல் அரிது. வீட்டுவாசல் எப்படிப்பட்டது? தெரு சரிவானது, வண்டி முன்பக்கம் தாழ நிற்கும். மேட்டைத் தூக்கினால், மண்கோடு இருக்கையின் அடியிலிருந்து முன்நோக்கி வருகிறது.

இவ்விடத்தில் அவர் தரும் அறிவுரை எளியது: அடுத்த மழையில் வண்டியைத் திருப்பி, பின்பக்கம் தாழும்படி நிறுத்துக. அவ்வாறே செய்தபோது கால்வைப்பிடம் உலர்ந்திருந்தது. இருக்கையின் பின்னே, பின்சுவரின் அடியில் நீர் தேங்கியிருந்தது. நீர் புகும் இடம் பின்புறம் என்பதும், முன்னே கண்ட ஈரம் சரிவின் வேலை என்பதும் விளங்கிவிட்டன. செலவு ஏதுமில்லை. முன்கண்ணாடியும் கதவும் தேடலிலிருந்து விலகின. இனிப் பின்சுவர் ஒன்றே எஞ்சுகிறது.

பின்சுவரின் அடிப்பொருத்தில் நீரை வழியவிட்டபோது ஒன்றும் நிகழவில்லை. பின்கண்ணாடி ரப்பரிலும் இல்லை. கூரையின் பின்விளிம்பை நனைத்த நான்காம் நிமிடத்தில் பவுடரின்மேல் ஒரு தடம் விழுந்தது. அங்கே கேரியரின் காலைப் பிடித்திருந்த திருகின் ரப்பர் வளையம் வெடித்துச் சிதைந்திருந்தது.

இவ்வளவு கண்டபின்னும் ஆய்வு முடியவில்லை. அத்திருகின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி மீண்டும் பத்து நிமிடம் நீரூற்றினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். நாடாவைப் பிரித்து ஊற்றினால் மறுபடியும் நனைய வேண்டும். இரண்டும் நிகழ்ந்தாலன்றிக் காரணம் கண்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயை அறிதலையும் நோயின் முதலை அறிதலையும் இருவேறு செயல்களாக வைத்துப் பேசுவது இங்கு நினைவுக்கு வரும். ஈரம் நோய், வெடித்த வளையம் அதன் முதல். முதலிரு பட்டறைகளும் நோயைக் கண்ட இடத்திலேயே மருந்தைப் பூசிவிட்டன.

அடைப்பதும் உலர்த்துவதும்

துளையை அடைப்பதிலும் அறிய வேண்டியன உள. கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் வகைகளுள் ஒன்று, இறுகும்போது காடி மணம் வீசும். அதிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் வெறும் இரும்பை அரிக்கும். ஒழுக்கு நிற்கும், துரு தொடங்கும். தகட்டுப் பொருத்துகளுக்கென்றே செய்யப்பட்ட பாலியுரித்தேன் பூச்சினைப் பயன்படுத்துதல் வேண்டும். அதற்குமுன் துருவைச் சுரண்டி, தகட்டைத் துடைத்து உலர்த்தி, துருத்தடுப்பு வண்ணமும் பூசிவிட வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய பூச்சு ஒரு மழைக்காலமும் தாங்காது.

ஐயமான இடமெல்லாம் பூசிவிடுவோம் என்று கிளம்புவோர் செய்யும் தீங்கு பெரிது. கதவின் அடியிலுள்ள துளைகளையும் வைப்பர்ப் பள்ளத்தின் வடிகால்களையும் அவர்கள் 'ஓட்டை' என்று எண்ணி அடைத்துவிடுகின்றனர். வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே நின்று கதவின் அடிவிளிம்பைத் தின்றுவிடும். வண்டியில் நீர் புகும் வழியை மூடும்போதே, நீர் போகும் வழியைத் திறந்து வைத்திருத்தலும் வேண்டும்.

பயன்படுத்திய வண்டியை விலைக்கு வாங்குவோர்க்கு இவ்வறிவு வேறொரு வகையிலும் உதவும். 2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்ததுபோன்ற வெள்ளங்களில் வண்டிகள் முழுமையாக மூழ்குவதுண்டு. கழுவித் துடைத்துப் புதுமேட் விரித்துவிட்டால் வெளித்தோற்றத்தில் ஏதும் தெரியாது. இருக்கைப் பட்டையை அதன் முடிவு வரை இழுத்துப் பார்த்தால், சுருண்டிருந்த பகுதியில் சேற்றின் கறைக்கோடு தெரியலாம். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகுகளின் துருவும் மேட்டின் அடியில் படிந்த நுண்மண்ணும் அதே செய்தியைச் சொல்லும். கூரைத்துளையால் வந்த நீர் கோடாகத் தடம் விடும். வெள்ளநீரோ ஒரே மட்டத்தில் சுற்றிலும் கறை விடும்.

அடைப்பு இறுகியபின் நீரூற்றிப் பார்த்து, உள்ளே தூவிய பவுடர் கலையாதிருப்பதைக் கண்ட பிறகும் விரிப்பை உடனே போட்டுவிடலாகாது. பஞ்சைப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். பருவமழை நாள்களில் அது முழுமையாக உலரப் பல நாள் ஆகலாம். அதுவரை தரைத்தகட்டின்மேல் வெறும் செய்தித்தாளை விரித்து வண்டியை ஓட்டலாம். இரைச்சல் மிகுதியாகக் கேட்கும். ஆயினும் ஒவ்வொரு காலையும் தாளைத் தொட்டுப் பார்த்தே முந்தைய இரவின் மழை உள்ளே வந்ததா, இல்லையா என்பதை அறிந்துகொள்ளலாம்.